தெருவே ஒத்துழைத்த பதினாலு நாள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வீராயி பிழைத்ததே வாயால்தான். முத்தியால்பேட்டைக்குக் கிழக்கே கடலை ஒட்டிய குப்பம் அவளுக்கு. விடியற்காலையில் கரையில் ஏலம் எடுத்து அன்னக்கூடையைத் தலையில் ஏற்றினாள் என்றால், பத்து மணிக்குள் தெருத்தெருவாக விற்றுத் தீர்த்துவிட்டு வெறுங்கூடையோடு திரும்புவாள். "சங்கரா இருக்கு, கானாங்கெளுத்தி இருக்கு, வேணாங்கறவங்க ரசம் வச்சித் தின்னுங்க!" என்று அவள் போடுகிற சத்தத்தில், மாடியில் தூங்குகிறவன்கூட பாத்திரத்தோடு இறங்கி வருவான். பேரம் பேசினால் திட்டுவாள். பேசாமல் வாங்கினால், இப்படி ஏமாந்தால் குடும்பம் உருப்படுமா என்று அதற்கும் திட்டுவாள். திட்டு வாங்குவதற்காகவே அவளிடம் மீன் வாங்கியவர்கள் உண்டு.

அந்த வாய் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் அடைத்துப்போகும். மலடி. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். மூன்று தடவை தங்கியது, மூன்றும் நிற்கவில்லை. குழாயடிச் சண்டை முற்றும்போது எவளாவது அந்தச் சொல்லை எடுத்து வீசினால் போதும், அதுவரை எட்டு ஊருக்குக் கேட்கப் பேசிக்கொண்டிருந்தவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள். புருஷன் உத்திராபதி வாயில்லாப் பூச்சி, அடுத்தவர் படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவன். "வுடு புள்ள" என்பான். அதற்கு மேல் அவனுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது.

அந்த வீட்டுக்குத்தான் அபி வந்தாள். எட்டு வயசு. ஐந்து வயசில் பெற்றவள் அவளைப் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று போனவள்தான், திரும்பி வரவில்லை. மூன்று வருஷம் ஹோமில் இருந்த குழந்தையை, வளர்ப்புப் பெற்றோர் திட்டத்தில் ஆறு மாசத்துக்கு வீராயியிடம் கொடுத்தார்கள். ஆறு மாசம் கழித்துக் குழந்தைகளுக்கான கமிட்டி கூப்பிட்டுப் பார்க்கும். குழந்தை ஒட்டிக்கொண்டிருந்தால் பதினெட்டு வயசு வரை அங்கேயே வளரலாம். இல்லையென்றால் திரும்பவும் ஹோம்தான். அபியைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும், வீராயிக்கு அதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அபி அவளை "அக்கா" என்றுதான் கூப்பிட்டாள். ஹோமில் சோறு போடுகிறவர், குளிப்பாட்டுகிறவர், கதவைப் பூட்டுகிறவர் எல்லோருமே அக்காதான். "அதுவா ஒரு நாள் மாத்திக் கூப்புடும். நாம கேட்டு வாங்கக் கூடாது" என்று வீராயி புருஷனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். சொன்னாளே தவிர, அவள் காது அதற்காகவே காத்துக் கிடந்தது.

குழந்தை ஒன்றும் லேசுப்பட்டதில்லை. வறுத்த மீனைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பாள். எறும்பு மொய்த்தாலும் எடுக்க விடமாட்டாள். பொய் சொன்னால் அண்டப் புளுகு. எல்லாவற்றையும்விட விடியற்காலைதான் பெரிய பாடு. வீராயி கூடையைத் தொட்டால் போதும், வாசலில் விழுந்து புரண்டு தொண்டை கிழியக் கத்துவாள். "போவாதக்கா! போவாத!" புடவையைக் கடிப்பாள், கையைக் கடிப்பாள். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள், சுவரோடு சுவர் ஒட்டியவை. தெருவே எழுந்து உட்கார்ந்துவிடும். "ஹோமுலேர்ந்து புள்ள கொண்டாந்தியா, பேயக் கொண்டாந்தியா?" என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும். வீராயியின் மணிக்கட்டில் சின்னச் சின்னதாகப் பல் தடம் ஆறவே ஆறாது.

திட்டத்தில் சேர்ந்தவர்கள் சனிக்கிழமைதோறும் பயிற்சிக்குப் போகவேண்டும். புஸ்ஸி வீதியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மாடி. நடத்துகிறவள் ஹேமலதா. சமூகப்பணி படித்தவள், சிரித்த முகம், வார்த்தைக்கு வார்த்தை "சூப்பர்". முதல் நாளே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாள்: குழந்தையை அடிக்கமாட்டோம், சூடு வைக்கமாட்டோம், பட்டினி போடமாட்டோம். வீராயி நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். அதற்கப்புறம் அவளைப் போல அந்தப் படிப்பைப் படித்தவர் யாருமில்லை. மற்றவர்கள் சமோசா எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் மேடம் சொன்னதைச் சொன்னபடி உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள்.

"குழந்தை எதுக்குக் கத்துது?" என்று ஒரு சனிக்கிழமை ஹேமலதா கேட்டாள். "நாம திரும்பிப் பார்க்கணும்னுதான். பார்த்துட்டோம்னா, கத்தினா கிடைக்கும்னு கத்துக்கும். அதனால கண்டுக்காம விடணும். பார்க்காதீங்க, பேசாதீங்க, முகத்துல எதையும் காட்டாதீங்க. நல்லா நடந்துச்சா, உடனே பாராட்டுங்க, சார்ட்ல ஸ்டார் ஒட்டுங்க."

"எத்தினி நாளைக்கு மேடம்?" என்றாள் வீராயி.

"ரெண்டு வாரம் விடாம செய்யணும். ஆரம்பத்துல இன்னும் அதிகமாத்தான் கத்தும். அங்கதான் எல்லாரும் தோத்துடுறாங்க. பதிமூணு நாள் தாங்கிட்டு ஒரே ஒரு தடவ திரும்பிப் பார்த்தீங்கன்னா, மொத்தமும் வீண். இன்னொண்ணு, வீட்ல இருக்கிற எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும். ஒருத்தர் கண்டுக்காம இருந்து இன்னொருத்தர் கொஞ்சினா வேலைக்கே ஆகாது."

நடித்துக் காட்டச் சொன்னாள். சேதராப்பட்டு கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் இராமதாஸ் என்பவர் குழந்தையாகத் தரையில் உருண்டு கூச்சல் போட்டார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீராயி சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இல்லாத மீனை இல்லாத அரிவாள்மனையில் ஆய்ந்துகொண்டேயிருந்தாள். "சூப்பர் வீராயிம்மா! எல்லாரும் கை தட்டுங்க!" என்றாள் ஹேமலதா. வாழ்க்கையில் அதுவரை வீராயிக்கு யாரும் கை தட்டியதில்லை. முகம் சிவந்துபோய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாடத்தில் இன்னும் இரண்டு ஸ்லைடு பாக்கி இருந்தது. ஒன்றில், ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம் கண்டுகொள்ளாமல் இருந்தால் போதும், அழுகை அடங்கியதும் குழந்தையை அணைத்துக்கொள்ளுங்கள் என்றிருந்தது. இன்னொன்றில், குழந்தை எதற்குப் பயப்படுகிறது என்று முதலில் கேளுங்கள் என்றிருந்தது. நேரமாகிவிட்டது, டீ ஆறிவிடும் என்று சொல்லி ஹேமலதா இரண்டையும் தள்ளிவிட்டாள். டீயாவது சூடாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை.

ஆகஸ்டு மாசத்தில் அபி வலையை அறுத்தாள். அதுவும் யாருடைய வலை? கிருஷ்ணசாமியுடையது. விசைப்படகு வைத்திருப்பவர், ஊர்ப் பஞ்சாயத்தில் முதல் ஆள். மறுநாள் அவர் படகில் உத்திராபதி நாலு நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் போக இருந்தான். முந்தின சாயங்காலம், கரையில் குவித்து வைத்திருந்த வலையை அபி பிளேடால் முழ முழமாக நாலு இடத்தில் கிழித்துவிட்டாள். கையும் பிளேடுமாகப் பிடிபட்டாள். குப்பத்தில் ஆளை வெட்டினால்கூட மன்னிப்பார்கள், வலையை வெட்டினால் மன்னிக்கமாட்டார்கள்.

"அடியாத மாடு படியாது வீராயி. நீ ஒதுங்கு, நான் ரெண்டு வைக்கிறேன்" என்று கிருஷ்ணசாமி கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

வீராயி குறுக்கே பாய்ந்தாள். "கை வச்ச, அப்புறம் நடக்கறதே வேற மாமா! கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்திருக்கேன். அடிக்கக் கூடாது."

"அப்போ சும்மா வுடச் சொல்றியா?"

"யாரு சும்மா வுடச் சொன்னா? அதுக்கு ஒரு மொற இருக்கு, டிரெய்னிங்ல சொல்லிக் குடுத்துருக்காங்க" என்று, மேடம் சொன்னதை ஒரு சொல் சிந்தாமல் ஒப்பித்தாள். பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, ரெண்டு வாரம், எல்லாரும் ஒரே மாதிரி. கிருஷ்ணசாமி கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியில் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அடிப்பாவி! இத்தப் படிக்கவா வாரா வாரம் பஸ் ஏறிப் போயிட்டு வந்த? இது நம்ம தள்ளிவைப்புதான! எங்க தாத்தன் காலத்துலேர்ந்து பண்ணிக்கினு இருக்கோம், எங்களக் கேட்டிருந்தா நாங்களே சொல்லிக் குடுத்திருப்போமே!"

தள்ளிவைப்பு என்றால் குப்பத்துக் குழந்தைக்கும் தெரியும். பஞ்சாயத்துச் சொல்லை மீறியவனை ஊர் ஒதுக்கும். அவனோடு பேச்சில்லை, நெருப்பில்லை, தண்ணீரில்லை, படகில் இடமில்லை. அவன் வீட்டில் சாவு விழுந்தாலும் யாரும் போகமாட்டார்கள். மீசை முறுக்கியவனெல்லாம் பத்தே நாளில் கோயில் வாசலில் வந்து விழுந்திருக்கிறான். அப்படி விழுந்தவர்களை வீராயியே பார்த்திருக்கிறாள். அதுதான் வினையாகிவிட்டது. படித்த மேடம் சொன்னதும் பாட்டன் சொன்னதும் ஒன்றாக இருந்தால், அது தப்பாக இருக்க முடியுமா என்று நினைத்தாள். வீட்டில் இருக்கிற எல்லாரும் என்று மேடம் சொல்லியிருக்கிறாள். குப்பத்தில் எது வீடு, எது தெரு? அபி காலையில் ஒரு வீட்டில் இட்லி தின்பாள், மத்தியானம் இன்னொரு வீட்டில் தூங்குவாள். வீட்டுக்கு மட்டும் கட்டுப்பாடு போட்டால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றின கதைதான். ஆகவே தெரு முழுக்க வேண்டும் என்று வீராயியே கேட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கோயில் மைக்கில் சொன்னார்கள். "இதனால ஊர் ஜனங்களுக்குத் தெரிவிக்கிறது என்னன்னா, உத்திராபதி வூட்டுல வளர்ற அபிங்கற பொண்ணோட இன்னிலேர்ந்து பதினாலு நாளைக்கு யாரும் பேச்சு வார்த்தை வச்சிக்கக் கூடாது. பாக்கக் கூடாது, கூப்புட்டா திரும்பக் கூடாது. யாராச்சும் ஒருத்தர் திரும்புனாலும் மொத்தமும் வீணாப் பூடும். மீறுனவங்களுக்கும் அதே கட்டுப்பாடு." அபி வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். மைக்கில் தன் பேர் வந்ததும் வாயில் நுரையோடு சிரித்தாள், பாவம். திருவிழாவுக்குப் பேர் வாசிக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் விடியற்காலை அவள் வழக்கம்போல வாசலில் விழுந்து கத்தினாள். வீராயி கூடையைத் தூக்கிக்கொண்டு, கல்லைத் தாண்டுவதைப் போலத் தாண்டிப் போனாள். ஒரு வீட்டிலும் விளக்கு எரியவில்லை, ஒரு தலையும் எட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஆனந்தராஜ் கடையில் போய் "கடல மிட்டாய் குடுங்கண்ணா" என்று காசை நீட்டினாள். ஆனந்தராஜ் அவள் தலைக்கு மேலே தெருவைப் பார்த்துக்கொண்டு ஈ ஓட்டினான். பிள்ளைகளுக்கோ இது கொண்டாட்டம். அபி பக்கத்தில் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாக நிற்க வேண்டும், சிரித்தவன் அவுட் என்று புது விளையாட்டே கண்டுபிடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் குப்பத்துப் பிள்ளைகள் அதையே செய்தார்கள். டீச்சருக்கு விஷயம் தெரியாததால் டீச்சர் மட்டும் பேசினாள். குப்பத்தில் பஞ்சாயத்துக்குக் கட்டுப்படாத ஒரே ஜீவன் ஒரு செவலை நாய். அது பாட்டுக்கு அவள் பின்னால் போயிற்று, வந்தது.

சோற்றுக்குக் குறை வைக்கவில்லை வீராயி. பட்டினி போடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாளே! மூன்று வேளையும் தட்டில் போட்டு, மீன் முள்ளைக்கூட எடுத்துவிட்டு, தட்டைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள். குழந்தை சாப்பிட்டால் உடனே சுவரில் ஒட்டிய சார்ட்டில் ஒரு ஸ்டார். அதையும் பேசாமல்தான் ஒட்டினாள்.

கடலுக்குப் போய்வந்த உத்திராபதியால் ஒரு நாள்கூடத் தாங்க முடியவில்லை. படகு மறைவில் குழந்தையை உட்கார வைத்துப் பேசியே விட்டான். வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம், "ஏன் வலையறுத்துச்சின்னு கேட்டேன் புள்ள. வல இல்லன்னா நான் கடலுக்குப் போவ மாட்டேன்னு நெனச்சிதாம். போறவங்க வர மாட்டாங்கன்னு சொல்லுது" என்றான்.

வீராயிக்கும் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொள்ளத் தோன்றியது. தோன்றாமல் இருக்குமா? ஆனால் அவள் பயிற்சி பெற்றவள். "இப்பிடித்தான் எதுனா சொல்லி எறங்கி வர வைக்கும்னு அங்க சொல்லியிருக்காங்க. இன்னொரு வாட்டி பேசுன, மைக்ல உம் பேரையும் சொல்லச் சொல்லிடுவேன். புள்ள நம்மகிட்ட தங்கணுமா வேணாமா?" என்றாள். உத்திராபதி அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். அவனும் ஒரு மனுஷன்தானே என்று எனக்கு இன்றைக்கும் அவன்மேல் ஆத்திரம்.

பன்னிரண்டாம் நாள் விடியற்காலை வீராயி கூடையை எடுத்தாள். சத்தமே இல்லை. அபி பாயில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, புரளவில்லை. வீராயிக்குத் தரையில் கால் பாவவில்லை. ஏலக்கரை வரைக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள். பதினாலாம் நாள் முறைப்படி கோயில் வாசலில் அபியை நிற்க வைத்தார்கள். விழு என்றதும் விழுந்தாள், எழுந்திரு என்றதும் எழுந்தாள். கிருஷ்ணசாமி சொம்புத் தண்ணீர் கொடுத்துத் தள்ளிவைப்பை எடுத்துவிட்டார். தெருவே கை தட்டியது. "நல்ல பொண்ணு! தங்கமான பொண்ணு!" என்று ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளினார்கள். நல்லா நடந்தால் உடனே பாராட்ட வேண்டுமல்லவா?

அடுத்த வாரம் ஹேமலதா வீடு பார்க்க வந்தாள். அபி தானாகக் குளித்து, தானாகத் தலை சீவி, புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். தலையணைக்கடியில் மீன் இல்லை. சார்ட் நிறைய ஸ்டார். "எப்படி வீராயிம்மா, இது மேஜிக்!" என்று வாய் பிளந்தாள் ஹேமலதா.

"நான் மட்டும் இல்ல மேடம். தெருவே ஒத்துழைச்சாங்க. யாருமே பேசல. மைக்ல சொல்லிட்டோம்."

"சமூகப் பங்கேற்பு! சூப்பர்!" என்று ஹேமலதா எழுதிக்கொண்டாள். எப்படி ஒத்துழைத்தார்கள் என்று கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வீராயியைப் பட்டுப்புடவையில் வரச்சொல்லி, புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னால் நிறுத்திப் பேச வைத்தாள். ஹேமலதா போன் பேச வெளியே போயிருந்த நேரத்தில் வீராயி எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள், புதியவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டில் ஏதோ ஒன்று சரியில்லை என்று வீராயிக்குத் தெரிய நாளாயிற்று. அபி சொன்னதைச் செய்தாள். ஆனால் எதுவும் கேட்கவில்லை. தாகமெடுத்தால் தானே மொண்டு குடித்தாள். கால் கிழிந்து ரத்தம் வந்தபோது தானே மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டாள். "அக்கா" என்பதுகூட நின்றுபோயிருந்தது. கூச்ச சுபாவம் வந்துவிட்டதோ என்று பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டாள். "அபியா? வாயாடியாச்சே! கதை சொல்லச் சொன்னா கிளாஸே சிரிக்கும்" என்றாள் டீச்சர். வீராயி அன்றைக்கு மீன் விற்கப் போகவில்லை. கடைக்குப் போய் பாவாடை சட்டை, வளையல், பலூன் எல்லாம் வாங்கி வந்து அபி முன்னால் பரப்பினாள். "அபி, இங்க பாருடி. ஒரு வாட்டி பாரு. என்னத் திட்டவாச்சும் திட்டுடி" என்றாள். அபி பலூனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வீராயி கெஞ்சினாள், அழுதாள், தரையில் தலையை மோதிக்கொண்டாள். அந்தக் கண் அவள் மேல் பட்டும் நிற்கவில்லை. சுவர் மேல் பட்ட மாதிரி தாண்டிப் போயிற்று.

கமிட்டி கூப்பிட்ட நாள் வந்தது. நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு தலைவி. பக்கத்தில் ஹேமலதா, கையில் ஸ்டார் ஒட்டிய சார்ட். எதிரே அபியும் வீராயியும் அடுத்தடுத்த நாற்காலியில். உத்திராபதி வாசலில் நின்றான். அறிக்கையைப் படித்துத் தலைவி முகம் மலர்ந்தாள். "ரொம்ப நல்ல முன்னேற்றம். கண்ணு, இங்க உன்ன யாரு கூட்டியாந்தாங்க?"

"ஆட்டோ."

"ஆட்டோவா! சரி, உன் பக்கத்துல உக்காந்திருக்காங்களே, இவங்க யாரு?"

அபி திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். அதன் முதுகைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். "யாரும் இல்லியே மேடம்."

"சும்மா வெளையாடுதும்மா" என்று வீராயி சிரித்தாள். "அபி, மேடம்கிட்ட ஒழுங்கா சொல்லு."

குழந்தையின் இமைகூட அசையவில்லை. தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னால் குனிந்தாள். "இப்போ ஒரு குரல் கேட்டுச்சே, உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சி."

"பின்ன ஏன் பதில் சொல்லல?"

"பாக்கக் கூடாது, பேசக் கூடாது. ஒரு வாட்டி திரும்புனா மொத்தமும் வீணாப் பூடும்."

"யாரு சொன்னா?"

"மைக்ல சொன்னாங்க" என்றாள் அபி. அவள் குரலில் கோபம் இல்லை. வாய்ப்பாடு சொல்வது போலச் சொன்னாள்.

என்ன மைக், எந்த மைக் என்று கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது. வீராயியே சொன்னாள். ஒளிக்க வேண்டியது என்று அப்போதும் அவளுக்குத் தெரியவில்லை. கமிட்டியில் ஒருவர் பேனாவை மேஜைமேல் போட்டார். ஹேமலதா சார்ட்டைச் சுருட்டிக்கொண்டாள். "மேடம், இது எங்களுக்குத் தெரியவே தெரியாது. இப்படி நாங்க சொல்லித் தர்றதே இல்ல. படிக்காதவங்க, தப்பாப் புரிஞ்சிக்கிட்டாங்க."

"நீங்கதான மேடம் சொன்னீங்க? தெருவே ஒத்துழைச்சாங்கன்னு சொன்னேனே, எழுதிக்கினீங்களே? மேடையில ஏத்தி கை தட்ட வச்சீங்களே?" வீராயியின் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. ஹேமலதா அவள் பக்கம் திரும்பவேயில்லை. படிவத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

தலைவி அறிக்கையை மூடிவைத்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள் வீராயியிடம். "இந்தக் குழந்தை உங்கள எப்பவாவது அம்மான்னு கூப்பிட்டிருக்கா?"

நேற்றைய மீனை இன்றைக்குப் பிடித்தது என்று கண் சிமிட்டாமல் விற்றவள் வீராயி. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"கூப்டுச்சி. ஒம்பதாம் நாளு. பின்பக்கம் உக்காந்து மீன் ஆஞ்சிக்கினு இருந்தேன். பின்னால வந்து நின்னுச்சி. ஜொரம் போல, மூச்சு சூடா முதுகுல அடிச்சிது. 'அம்மா'ன்னுச்சி. எனக்குக் கை ஆடிப்போயி அருவாமன வெரல்ல எறங்கிடுச்சி. மறுபடியும் 'அம்மா, அம்மா'ன்னு முந்தானையப் புடிச்சி இழுத்துச்சி. மூணு வாட்டிம்மா. பதினெட்டு வருஷமா யாரும் கூப்டாத பேரு, மூணு வாட்டி கூப்டுச்சி."

"நீங்க திரும்பலையா?"

"ரத்தம் ஊத்திக்கினு இருந்துச்சி. பல்லக் கடிச்சிக்கினு உக்காந்திருந்தேன். இன்னும் அஞ்சே நாளு, இப்பத் திரும்புனா புள்ள நம்மகிட்ட தங்காம போயிடுமேன்னு..." வீராயி நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "முந்தானைய வுட்டுட்டுப் போயிடுச்சி. அதுக்கப்புறம் கூப்டல. திரும்பியிருக்கணுமா மேடம்? சொல்லுங்க, திரும்பியிருக்கணுமா?"

தலைவி குனிந்து எழுதினாள். அன்றைக்கே குழந்தையை ஹோமுக்கு அனுப்பச் சொல்லித்தான் எழுதினாள். அரைமணி நேரத்தில் ஹோம் வண்டி வாசலில் வந்து நின்றது. அபி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். குறுக்கே நீண்டு கிடந்த வீராயியின் காலைத் தாண்டி, கதவைத் திறந்துகொண்டு போனாள்.